கட்டையில் இல்லாத கோளாறு

என் அண்ணனுக்கு வலக்கண் பார்வை போய்விட்டது. இடக்கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம். வலக்கண் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். ஓர் அளவில் பிழை எந்த வழியாக நுழைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

நெரவிப் பக்கம் எங்களுக்கு நிலம். அண்ணன் பயிர் வைத்தார். நான் படித்து வேலைக்குப் போனேன். அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தவற்றில் ஒரு துப்பாக்கியும் உண்டு. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்ற வேண்டிய பழைய வேட்டை ரைஃபிள். வேட்டை அப்பா காலத்திலேயே சட்டப்படி முடிந்துவிட்டது. அண்ணனிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்பு உரிமம். கதிர் முற்றும் பருவத்தில் வாய்க்கால் ஓரத்துச் சீமைக்கருவேலம் புதரிலிருந்து பன்றிகள் இறங்கி வயலைப் புரட்டும். அண்ணன் வரப்பில் நின்று எதிர்த் திடலின் மண்ணில் ஒரு வெடி போடுவார். சத்தத்துக்கே அவை ஓடிவிடும். மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்கு முன்னால், எங்கள் குட்டையின் உள்கரையில் ஒரு கொட்டாங்குச்சியைச் செருகி, எதிர்க்கரையில் அறுபது தப்படி தள்ளிப் படுத்துச் சுட்டுப் பார்ப்பார். குறி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அது தப்பி நான் பார்த்ததில்லை.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ள எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நிலையத்தின் பின்னறையில் சீட்டுக் கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். கடற்காற்றின் ஈரம் அந்த அறையை விட்டுப் போவதே இல்லை. துப்பாக்கியின் குழலைத் தாங்கும் மரக்கட்டை அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். உப்பிய மரம் இரும்புக் குழலைத் தொட்டுக்கொண்டிருந்தால் குறி மாறிப்போகும். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கும் இது பழகிப்போன தொல்லை. திரும்ப வாங்க வரிசையில் நிற்கும்போது அண்ணன் சொல்வார்: "எலெக்‌ஷன் முடிஞ்சா கவர்மெண்டுக்குப் புது மந்திரி. நம்ம துப்பாக்கிக்கு ஜலதோஷம்."

அதனால் கடைசியாக நடந்த தேர்தலுக்குப் பிறகு அண்ணனுக்குக் குறி தப்பியபோது வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை. புரட்டாசி மாதம். குறுவை அறுவடைக்கு வயல் நின்றது. முதல் வெடி கொட்டாங்குச்சிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது அதையும் தாண்டிப் போனது. அண்ணன் தலையைத் தூக்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி கன்னத்தைக் கட்டையில் வைத்துக் குழல் முனையில் நிற்கும் முன்குறியைப் பார்த்தார்.

"முன்குறி கரைஞ்சி போவுதுடா. பனியா இது?"

காலை பதினோரு மணி. வெயில் சுட்டெரித்தது. அண்ணனுக்கே அது விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கேட்டார்: "கண்ணா இருக்குமோ?"

"கண்ணுக்கு என்ன கேடுண்ணே?" என்றேன். "மூணு மாசம் அந்த ரூம்புல கெடந்துருக்கு. மரம்தான்."

யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போனார். தோட்டா எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு ரைஃபிளை மேசைமேல் வைத்தேன். மரம் குழலைத் தொடுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மெல்லிய காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து, முனையிலிருந்து பின்பக்கமாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். மரம் தொடும் இடத்தில் காகிதம் சிக்கிக்கொள்ளும். இழுத்தேன். கடைசிவரை தடையில்லாமல் வந்தது. மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் வந்தது. மரம் எங்கும் தொடவில்லை. கட்டையைப் பிடித்திருந்த திருகுகளும் இறுக்கமாகவே இருந்தன.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அண்ணன் கேட்டார்: "என்னடா சொல்லுது உன் காயிதம்?"

"நடுவுல புடிக்குதுண்ணே," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். ஒரு காரணம் வெளியே சொல்லக்கூடியது. அடுத்த ஆவணியில் உரிமம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். கண்ணில் குறை என்று ஒருவர் எழுதிவிட்டால் உரிமம் போகும், துப்பாக்கி வீட்டை விட்டுப் போகும், அண்ணன் உடைந்துபோவார் என்று பயந்தேன். மற்றொரு காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சிறு வயதிலிருந்து எல்லாவற்றையும் முடிவு செய்தவர் அண்ணன். என்றைக்கு நாற்று விடுவது, எந்த மாட்டை விற்பது, நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பது வரை. அன்று அவர் ஈரத் தலையோடு என் எதிரே உட்கார்ந்து, "அப்ப என்னடா பண்ணலாம்? நீதானே படிச்சவன்," என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"கட்டையையே மாத்திடலாம்," என்றேன்.

இப்போதெல்லாம் ரைஃபிளுக்கு மரக்கட்டைக்குப் பதிலாக அலுமினியத்தில் கடைந்த சட்டம் வருகிறது. அதைச் சேஸிஸ் என்கிறார்கள். குழலும் போல்ட்டும் கொண்ட இரும்புப் பாகத்தைப் பழைய மரத்திலிருந்து கழற்றி இதில் உட்கார வைத்து இரண்டு திருகு முடுக்கினால் போதும். ஈரம் குடிக்காது, உப்பாது. தோளில் முட்டும் பகுதியை நீட்டிக் குறைக்கலாம். கன்னம் வைக்கும் பட்டையை ஏற்றி இறக்கலாம். கைபேசியில் படம் காட்டினேன்.

அண்ணன் அதைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "லாரிக்குத்தானடா சேஸிஸ் கேள்விப்பட்டுருக்கேன். இதுக்கு டயரு எங்க?"

"சிரிக்காதீங்க. வெளிநாட்டுல பன்னி சுடறவன்லாம் இதுக்கு மாறிட்டான்."

"அவன் மாறுவான். அவன் பன்னிக்கி இங்கிலீஷ் தெரியும்."

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தார். அந்த வீட்டில் அப்படி மூன்று பேரும் சேர்ந்து சிரித்த மாதங்கள் அவை. எனக்கு அதுவும் இப்போது உறுத்துகிறது.

தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சேஸிஸ் எல்லாம் வெளிநாட்டு ரைஃபிள்களின் அளவுக்குச் செய்தவை. எங்களுடையதற்குத் திருகுத் துளைகளின் இடைவெளி வேறு, தோட்டாப் பெட்டியின் வடிவம் வேறு. வரவழைப்பது என்றால் அனுமதிக் கடிதங்களுக்கு அலைய வேண்டும். அண்ணன் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். மீன்பிடிப் படகு செய்யும் ஃபைபரில் கட்டை செய்தால் உப்புக்காற்றுக்கு அசையாதே என்று. எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இருவரும் மண்டபத்தூரில் ஒரு படகுப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் கேட்டுவிட்டுக் கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

"ஐயா, போட்டு கேளுங்க, ஐஸ் பெட்டி கேளுங்க. துப்பாக்கின்னு பேச்ச எடுத்தா நாளைக்குக் கோஸ்ட் கார்டு வந்து என் வாசல்ல நிப்பான்."

திரும்பும்போது மணலில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு படகின் விளிம்பில் அண்ணன் தோளை இடித்துக்கொண்டார். வலது தோள். "கண்ட எடத்துல போட்டு வச்சிருக்கான்," என்றார். அவ்வளவு பெரிய படகு பட்டப்பகலில் கண்ணெதிரே நின்றது. நான் பார்த்தேன். வண்டியை எடுத்தேன்.

கடைசியில் திருச்சிப் பக்கம் உரிமம் பெற்ற துப்பாக்கி மிஸ்திரி ஒருவரைக் கண்டுபிடித்தேன். அளவு கொடுத்தால் அலுமினியக் கட்டியில் கடைந்து தருவதாகவும் அதற்குரிய எழுத்து வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் போனில் சொன்னார். வேண்டிய அளவுகளை எடுத்து அனுப்பச் சொன்னார். அதற்காக ஒரு நோட்டுப் போட்டேன். மாலை நேரங்களில் கூடத்தில் அண்ணனைத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி நிற்கச் சொல்வேன். எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டித் தாள்தான் குறி. வசதியாக இருக்கிறதா என்று கேட்பேன்.

"கன்னம் இன்னும் கொஞ்சம் மேல வரணும்டா."

கட்டைமேல் அட்டையை அடுக்கிக் கட்டுவேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அது போதவில்லை; பதினெட்டு என்று திருத்தினேன். அடுத்து, தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் முன்குறி கிடைக்கிறது என்றார். அப்படித் திருப்ப வசதியாகக் கன்னப் பட்டையைச் சாய்த்துக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். பிறகு, குறி நடுவில் தெரிந்தாலும் அதன் கீழே இருப்பது தெரியவில்லை என்றார். முன்குறியைத் தடிமனாகச் செய்யச் சொல்லலாம் என்று எழுதினேன். மார்கழி தாண்டித் தை, மாசி என்று நோட்டுப் பக்கங்கள் நிறைந்தன. கையெழுத்து நன்றாக இருக்கிறது. கோடு போட்டு, தேதி போட்டு, படம் வரைந்து. ஒரு கண்ணின் நரம்பு எப்படிப் படிப்படியாகச் செத்தது என்பதை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் நான் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சோத்துத் தட்டுல வலப்பக்கம் வச்ச பொரியல அவங்க தொடுறதே இல்ல. புடிக்கலியான்னு கேட்டா, வச்சியான்னு கேக்குறாங்க. கண்ணக் காட்டலாமா?"

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வது சரியல்ல. புரட்டாசியிலேயே தெரிந்ததை மறைக்க இனி இடமில்லாமல் போனது. இருந்தும் நான் சொன்ன பதில் இது: "காட்டிடுவோம் அண்ணி. சேஸிஸ் வேல முடியற கட்டத்துல இருக்கு. அது வந்துரட்டும். ஒரு நட பாண்டிச்சேரிக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்."

"நீங்க சொன்னா சரிங்க," என்றார் அண்ணி. அண்ணி என்னை நம்பினார்.

வைகாசியில் மிஸ்திரி கூப்பிட்டார். ரைஃபிளோடும் உரிமப் புத்தகத்தோடும் காரில் போனோம். கறுப்புச் சாயம் ஏற்றிய சேஸிஸ் மேசைமேல் ஒரு துணியில் கிடந்தது. அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார். பழைய கட்டையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். வெயிலில் கொண்டுபோய்ச் சற்று நேரம் பிடித்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"தோசக்கல்லாட்டம் காயுதேடா. சித்திரையில இத எப்படித் தூக்குறது?"

ஈரத்தைப் பற்றி ஒன்பது மாதம் யோசித்த எனக்கு வெயில் நினைவுக்கு வரவே இல்லை. ஆனால் அது பெரிய விஷயம் அல்ல. மிஸ்திரி ஒழுங்கான வேலைக்காரர். மாற்றுவதற்கு முன் பழைய கட்டையோடே சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று தெரிந்தால்தானே வேலைக்கு மரியாதை. பக்கத்தில் இருந்த ரைஃபிள் கிளப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து மூன்று தோட்டா சுட்டார். தாளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மூன்று துளையும் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்.

"கட்டையில ஒரு கொறையும் இல்லீங்களே சார். யாரு மாத்தச் சொன்னது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் ஒரு வாட்டி சுடுறேன் தம்பி," என்று மிஸ்திரியிடம் சொன்னார். அதே பழைய கட்டை, அதே மணல் மூட்டை. மூன்று தோட்டாவும் தாளிலேயே படவில்லை.

எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். "மரத்தப் போயி குத்தம் சொன்னோம் பாருடா," என்றார். "சொன்னோம்" என்றார். அப்போதும் அவர் பழியை என்மேல் மட்டும் போடவில்லை.

சேஸிஸைப் பூட்டாமலே திரும்பினோம்.

மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போனோம். கண் மருத்துவர் ஓர் இளம் பெண். இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டே போகும் நோய். வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை உரித்துக்கொண்டு போகும். வலக்கண்ணில் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. இடக்கண்ணிலும் பாதிவரை வந்துவிட்டது.

"போனத திரும்பக் கொண்டுவர முடியாதுங்க," என்றார். "இருக்கறத நிறுத்தி வைக்கப் பாக்கலாம். எப்பலேருந்து வித்தியாசம் தெரிஞ்சுது?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். தேதிகளெல்லாம் எனக்குத்தான் நினைவிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"புரட்டாசிலேருந்து," என்றேன்.

மருத்துவர் விரல்விட்டு எண்ணினார். அப்போதே வந்திருந்தால் வலக்கண்ணில் பாதிக்கு மேல் நிறுத்தியிருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்.

உரிமம் புதுப்பிக்கும் மாதம் வந்தது. புதுப்பிக்கப் போவதில்லை என்றும் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவதாகவும் அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு மனு எழுத வேண்டும். வழக்கம்போல் நான் எழுதினேன். என்ன காரணம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பார்வைக் குறைவு" என்று எழுதினேன்.

"படிச்சுக் காட்டு," என்றார் அண்ணன். படித்தேன்.

"அவ்வளவுதானா?"

அவர் எதையும் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. மனு இன்னும் நீளமாக இருக்குமென்று நினைத்திருப்பார். ஆனால் எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அண்ணி அடுப்படி வாசலில் நின்றார். அவர் காதிலும் விழட்டும் என்றே சொன்னேன். அன்றைக்குக் காகிதம் எங்கும் சிக்கவில்லை, மூன்று முறை இழுத்தும் சிக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று. அண்ணி கேட்ட பிறகும் தள்ளிப்போட்டேன் என்று. நோட்டில் எழுதியதெல்லாம் என்ன என்று.

அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "எதுக்குடா?" என்றார்.

உரிமம் போய்விடும் என்று பயந்ததைச் சொன்னேன்.

"கண்ணு போனா துப்பாக்கிய வச்சிக்கிட்டு என்னடா பண்ணுவேன்? இதுகூடத் தோணாம நீ என்னத்தடா படிச்ச?"

அந்த இன்னொரு காரணத்தையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னிடம் யோசனை கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதை. சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிவிட்டேன். மிச்சமிருக்கும் பார்வையில் அவரால் இதைப் படிக்க முடியாது. யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட அவர் விரலைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார். "நானே போடுறேன்," என்றார். கோட்டைவிட்டு மேலே ஏறி, பாதி எழுத்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அந்தக் கையெழுத்தோடுதான் மனு போனது. துப்பாக்கி போனது. அண்ணி அன்றிலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை. காபி கொண்டுவந்து வைப்பார். எடுத்துக்கச் சொல்லுங்க என்று அண்ணனிடம் சொல்வார்.

மூன்று வேளையும் மருந்து விடுவது அண்ணிதான். அதை நான் செய்ய அவர் விடவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போவது மட்டும் என் வேலை. அங்கே ஒரு சோதனை உண்டு. ஓர் அரைக்கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் அங்கங்கே சிறு ஒளிப்புள்ளிகள் தோன்றி மறையும். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை புள்ளிகள் பார்த்தார் என்பதை வைத்து இடக்கண்ணில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவார்கள்.

கூட வந்தவர்கள் திரைக்கு வெளியே உட்கார வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பொத்தான் சத்தம் மட்டும் கேட்கும். போன முறை நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. டக், டக் என்று. பிறகு நின்றது. புள்ளி வராததால் நின்றதா, வந்தும் அண்ணனுக்குத் தெரியாததால் நின்றதா என்று வெளியே இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. வெகுநேரம் கழித்து ஒரு டக் கேட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.